எந்த மாதத்தைச் சொல்வது?
நாட்கூலிக் குடும்பங்களும் வீட்டுக் கடனும்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மார்கழி மாதத்தில் ஒரு நாள், வன்னிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளம் தம்பதியினருடன் நாம் அண்மையிலுள்ள நகரின் வங்கிக் கிளை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கணவர் மேசன் ஒருவருடன் உதவியாளாக வேலை செய்பவர். மனைவி நிலக்கடலை, வெங்காயச் செய்கைக் காலங்களில் கூலிக்குப் போகின்றவர். இரண்டு பிள்ளைகள். மனைவியின் பெற்றோரின் வளவுக்குள் தகரத்தால் இறக்கிய ஒரு பத்தியில்தான் நால்வரும் படுத்தெழும்புகின்றார்கள். சிறிய வீடொன்றைக் கட்டக் கடன் பெறலாமா என்று அறியவே அங்கு போனோம்.

கடன் பகுதி உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். படிவத்தை எடுத்துக்கொண்டு, "மாதச் சம்பளம் எவ்வளவு அம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். பிறகு, "எந்த மாதத்தைச் சொல்லுறது சேர்? ஆடி மாதத்தைச் சொல்லுறதோ, கார்த்திகையைச் சொல்லுறதோ?" என்று கேட்டார்.

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. உத்தியோகத்தருக்கும் எதை எழுதுவதென்று தெரியவில்லை. படிவத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. பன்னிரண்டு கோடுகள் இருக்கவில்லை. அந்தக் கோடு நிரப்பப்படாமலே நாம் திரும்பி வந்தோம்.

எமது கிராமங்களில் இது ஒரு குடும்பத்தின் கதையல்ல. வயலில், தோட்டத்தில், கடற்கரையில், கட்டட வேலையில், அரிசி ஆலையில் நாளுக்கு நாள் கூலி பெறுகின்ற எவருக்கும் நாளை வேலை உண்டென்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. உழைப்பு உண்டு, உழைப்புக்குக் கடதாசி இல்லை. இப்படிப்பட்ட குடும்பம் ஒன்று வீட்டுக்காகக் கடன்பட முடியுமா? பட்டால், அந்தக் கடன் வீட்டைத் தருமா அல்லது இருக்கும் காணியையும் கொண்டுபோகுமா? இக்கட்டுரையில் நாம் ஆராய முனைவது இதனையே.

வங்கி கேட்பது எதை?

வங்கி ஏழைகளுக்கு எதிரானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் பயனில்லை. அது எதற்கு அஞ்சுகின்றது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. வீட்டுக் கடன் நீண்ட காலக் கடன். பத்து, பதினைந்து வருடங்களுக்கு மாதந்தோறும் ஒரே தொகை வந்து சேரவேண்டும். ஆகவே வங்கி பார்ப்பது சம்பளம் பெரிதா சிறிதா என்பதை மட்டுமல்ல, அது ஒழுங்காக வருமா என்பதையே முதலில் பார்க்கின்றது. அரசாங்கப் பாடசாலையின் காவலாளி ஒருவர், நல்ல மாதத்தில் அவரைவிடக் கூட உழைக்கும் மேசனிலும் பார்க்க இலகுவாகக் கடன் பெறுவது இதனாலேயே.

அதனால்தான் சம்பளப் பற்றுச்சீட்டு, தொழில் கொள்வோரின் கடிதம், நிரந்தர வருமானமுள்ள பிணையாளர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றார்கள். பின்னர் காணி உறுதி, சட்டத்தரணியின் உரித்து அறிக்கை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மதிப்பீட்டாளரின் அறிக்கை என்பன வருகின்றன.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையுமல்ல. எமது உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவிலே, வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்ற உறுதி எதுவுமில்லாமல், கூப்பிட்டால் மட்டும் போகின்ற 'பூச்சிய மணி ஒப்பந்த' வேலை பரவலாக உண்டு. அவ்வாறு வேலை செய்வோரும் வீடு வாங்கக் கடன் கேட்கும்போது இதே கேள்விக்கு முகங்கொடுக்கின்றார்கள். அங்கே கடன் கொடுக்கச் சம்மதிக்கும் நிறுவனங்கள் நாளைய உறுதியைக் கேட்பதில்லை; கடந்த ஒன்று அல்லது இரண்டு வருடங்களின் வருமானப் பதிவைக் கேட்டு, அதன் சராசரியைப் பார்க்கின்றன. நாளைக்கு உத்தரவாதம் இல்லாதவனுக்கு நேற்றைய பதிவே சாட்சி. எமது கிராமத்தவருக்கு இல்லாதிருப்பது அந்தச் சாட்சிதான்.

ஈடு, ஒத்தி, அறுதி

வருமானத்துக்கு அடுத்தபடியாக நிற்பது காணி. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களுக்கு மூன்று சொற்களின் வேறுபாடு நன்றாகத் தெரியும். காணியைத் தன் கையில் வைத்துக்கொண்டே அதைக் கடனுக்குப் பொறுப்பாக எழுதிக் கொடுப்பது ஈடு. காணியைக் கடன் தந்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அவர் எடுத்துக்கொள்ள விடுவது ஒத்தி. ஒரேயடியாக விற்றுவிடுவது அறுதி. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுப்பித்த தேசவழமையிலும் ஒத்தி பற்றிய விதிகள் உண்டு.

இன்றைய இளம் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டன. தனியாரிடம் வட்டிக்குப் பணம் வாங்கும்போது, ஈட்டு உறுதி எழுதுவதாக நினைத்துக்கொண்டு நிபந்தனைக் கைமாற்று உறுதியில் கையொப்பமிட்டு விடுகின்றார்கள். குறித்த நாளுக்குள் பணத்தைத் திருப்பாவிட்டால் காணி மற்றவருடையது. நொத்தாரிசின் முன்னிலையில் கையொப்பமிடுமுன், "இது ஈடா, கைமாற்றா?" என்ற ஒரு கேள்வியையாவது வாய்விட்டுக் கேளுங்கள். விளங்காவிட்டால் உறுதியின் பிரதியை வாங்கிச் சென்று விளங்கியவர் ஒருவரிடம் காட்டுங்கள். காணியைப் பொறுப்பு வைத்துத் தனியாரிடம் பட்ட கடன் இறுகிவிட்டால், 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் இணக்க சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நிபந்தனைக் கைமாற்றாயின் மீட்பதற்குரிய காலம் முடியுமுன்னரே போகவேண்டும்.

வங்கிக்கு ஈடு வைத்தாலும் ஆபத்து இல்லையென்று சொல்ல முடியாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், கடன் செலுத்தப்படாதவிடத்து நீதிமன்றத்துக்குச் செல்லாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்குகின்றது. ஆகவே ஈடு என்பது வெறும் கையொப்பமல்ல.

வன்னியிலும் கிழக்கிலும் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நாம் மேலே சொன்ன பெண்ணின் தாயாருடைய காணியும் அப்படிப்பட்டதே. பத்திரம் தாயாரின் பெயரில்; மகளுக்கு அதில் ஒரு மூலை வாய்ச்சொல்லால் மட்டுமே. இந்தக் கட்டுப்பாடு கடன் பெறுவதைக் கடினமாக்குகின்றது என்பது உண்மை. ஆனால் இதே கட்டுப்பாடுதான் எத்தனையோ காணிகள் வட்டிக்காரரிடம் போகாமல் காத்தும் வந்திருக்கின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பாதியில் நின்ற சுவர்கள்

கடனையும் வீட்டையும் பற்றி எமது பிரதேசம் ஏற்கெனவே விலைகொடுத்துப் படித்த பாடம் ஒன்று உண்டு. போரின் பின்னர் இந்திய அரசின் உதவியுடன் வடக்கு கிழக்கில் பயனாளிகளே வீட்டைக் கட்டும் திட்டம் 2012இல் பெருமளவில் ஆரம்பிக்கப்பட்டது. புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அது கடனல்ல, நன்கொடை. அதனால் பல்லாயிரம் குடும்பங்கள் கல்வீட்டில் குடியேறின என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆயினும் ஒரே காலத்தில் எல்லோரும் கட்டத் தொடங்கியபோது மணலும் கல்லும் கூலியும் விலையேறின. சிலர் குறிக்கப்பட்ட அளவிலும் பெரிதாக அத்திவாரம் வெட்டினார்கள். அடுத்த கட்டப் பணம் வரவேண்டுமாயின் முந்திய கட்டம் முடிந்திருக்க வேண்டும். அதை முடிக்க நகைகள் அடைவுக்குப் போயின. கடைக்காரரிடம் சீமெந்து கடனுக்கு வந்தது. பிறகு நுண்கடன் நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்கள் படலைக்கு வந்தன. இலவசமாகக் கிடைத்த வீட்டுக்காகக் கடனாளியான குடும்பங்களை நாம் நேரில் அறிவோம்.

அந்த வாராந்தக் கடன்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று என்று பெண்கள் அலைந்தார்கள். 2018இல் அரசாங்கம் தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வருட வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. வரம்பே 35 வீதம் என்றால் அதற்கு முன்னர் இருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே தவறு எங்கிருந்தது? கடன்பட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். கடன் தவணை வாராவாரம் ஒரே அளவாக இருந்தது. கூலி அப்படி இருக்கவில்லை. கார்த்திகை மழையில் வேலை நின்றபோதும் தவணை நிற்கவில்லை. நல்ல மாதத்தைக் கணக்குப் பார்த்துப் பட்ட கடனைக் கெட்ட மாதத்தில் கட்ட வேண்டியிருந்தது.

ஒரு கொப்பியின் கணக்கு

வங்கியிலிருந்து வந்த அன்றே அந்தத் தம்பதியினரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். தை முதலாம் நாள் தொடங்கி, வேலைக்குப் போன நாள், யாரிடம் போனது, கைக்கு வந்த காசு ஆகிய மூன்றை மட்டும் ஒவ்வொரு இரவும் எழுதச் சொன்னோம். எழுதியவர் மனைவி. ஒரு வருடம் கழித்துக் கணவரின் வேலை நாட்களைக் கூட்டிப் பார்த்தோம்.

தை 14, மாசி 20, பங்குனி 22, சித்திரை 15, வைகாசி 21, ஆனி 22, ஆடி 23, ஆவணி 21, புரட்டாதி 20, ஐப்பசி 14, கார்த்திகை 7, மார்கழி 9. மொத்தம் 208 நாட்கள்.

நாட்கூலி 2,500 ரூபா. வருடத்துக்கு 5 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 43,000 ரூபாவுக்குச் சற்று மேல். ஆடியில் 57,500 ரூபா வந்தது. கார்த்திகையில் 17,500 ரூபாதான். மனைவி கூலிக்குப் போய்ப் பெற்றதை நாம் வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. அது நோய் நொடிக்கும் பிள்ளைகளின் அவசரத்துக்கும் இருக்கட்டும்.

பெற்றோரின் வளவிலிருந்து தேங்காயும் மரக்கறியும் ஓரளவு கிடைப்பதால், வீட்டுச் செலவு மாதம் 32,000 ரூபாவுடன் சமாளிக்கப்பட்டது. வருடத்துக்கு 3 இலட்சத்து 84 ஆயிரம். ஆக, வருட மீதி 1 இலட்சத்து 36 ஆயிரம் ரூபா.

இப்போது கவனியுங்கள். மாசி முதல் புரட்டாதி வரையிலான எட்டு மாதங்களில் மட்டும் மீதி 1 இலட்சத்து 54 ஆயிரம். ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு மழை மாதங்களில் மீதி இல்லை. 18,000 ரூபா குறைவு. இந்தக் குடும்பம் மாதம் 10,000 ரூபா தவணையில் கடன் பெற்றால் என்ன நடக்கும்? சராசரியைப் பார்த்தால் கட்டலாம் போலத் தெரியும். ஆனால் அந்த நான்கு மாதங்களில் தவணையும் குறைவும் சேர்ந்து 58,000 ரூபா எங்கிருந்தாவது வரவேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்திராவிட்டால் அது அடைவுகடையிலிருந்தே வரும். எடுத்து வைத்திருந்தாலும் வருட முடிவில் கையில் 16,000 ரூபாதான். ஒரு செத்தவீடு, ஓர் ஆசுபத்திரிச் செலவு அதைக் கொண்டுபோய்விடும்.

தவணை 6,000 ரூபாவானால் கணக்கு வேறு. மழை மாதங்களுக்கு 42,000 ரூபாவை ஒதுக்கிய பின்னும் வருட முடிவில் 64,000 ரூபா மிஞ்சும். அதுவே மூச்சுவிடக்கூடிய கடன். நாம் சொல்ல விரும்பும் முதலாவது விதி இதுதான்: ஆடியில் கட்டக்கூடிய தவணையைத் தெரிவு செய்யாதீர்கள்; கார்த்திகையிலும் கட்டக்கூடிய தவணையைத் தெரிவு செய்யுங்கள்.

இதற்கு ஓர் எளிய வழியும் உண்டு. நல்ல எட்டு மாதங்களிலும் 9,000 ரூபா எடுத்து வையுங்கள். 6,000 தவணைக்கு, 3,000 தனியான சேமிப்புக் கணக்குக்கு. எட்டு மாதங்களில் சேரும் 24,000 ரூபா, மழைக்கால நான்கு தவணைகளுக்கும் சரியாகப் போதும். கடன் தந்தவர் தன் விதியை மாற்ற வேண்டியதுமில்லை.

வட்டியில் இரண்டு விதம்

மாதம் 6,000 ரூபாவுக்கு எவ்வளவு கடன் பெறலாம்? வருடத்துக்கு 12 வீத வட்டி, ஐந்து வருடக் காலம், கட்டக் கட்டக் குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால், ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா பெறலாம். ஐந்து வருட வட்டி சுமார் 90,000.

அதே 12 வீதத்தை முழுக் கடனுக்கும் கடைசிவரை கணக்கிடும் முறையும் உண்டு. பாதிக் கடன் திரும்பிய பின்னரும் முழுவதற்கும் வட்டி. அப்போது வட்டி 1 இலட்சத்து 62 ஆயிரம். மாதத் தவணை 7,200 ரூபா. சொல்லப்படும் வீதம் ஒன்றுதான். போகும் காசு வேறு. "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்காமல், "எல்லாம் கட்டி முடிய மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு தொகையை எழுதித் தராத இடத்தில் கடன் வாங்காதீர்கள்.

பலர் அறியாத உரிமை

கடதாசி இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் பலருக்குச் சட்டப்படி ஒரு கடதாசி இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1958ஆம் ஆண்டின் அச்சட்டம் தற்காலிக, நாட்கூலி, துண்டு வேலை ஊழியரையும் உள்ளடக்குகின்றது. ஊழியர் 8 வீதம், தொழில் கொள்வோர் 12 வீதம் செலுத்த வேண்டும். மேலும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொள்வோர் தனியாகச் செலுத்த வேண்டும்.

இன்று ஒரு வீட்டில், நாளை இன்னொரு வீட்டில் வேலை செய்பவருக்கு இதைப் பெறுவது நடைமுறையில் கடினமே. ஆனால் ஒரே கொந்தராத்துக்காரரிடம், ஒரே ஆலையில், ஒரே பண்ணையில் வருடக்கணக்காக வேலை செய்வோர் எத்தனை பேர்? எமது கொப்பிக் கணக்கில் வந்த 5 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாவுக்குச் சேமலாப நிதி செலுத்தப்பட்டிருந்தால், ஒரு வருடத்தில் 1 இலட்சத்து 4 ஆயிரம் ரூபா அவர் பெயரில் சேர்ந்திருக்கும். அதில் 62,400 ரூபா தொழில் கொள்வோரின் பங்கு.

இது முதுமைக்கான பணம் மட்டுமல்ல. நிதியில் உள்ள தொகையில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் பெற வழியுண்டு. பத்து வருடத்துக்குக் குறையாமல் பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதி உள்ளவர்கள், வீட்டுத் தேவைக்காக 30 வீதம் வரை எடுக்கவும் 2015 முதல் வழி செய்யப்பட்டது. ஆனால் பிணை வைத்துப் பெற்ற கடனைக் கட்டாது விட்டால், நிலுவை அந்தக் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். முதுமைக்கு வைத்ததை இளமையிலேயே இழக்க நேரிடும்.

மலையகத்தில் இவ்வுரிமை இன்னும் முக்கியமானது. தோட்டத் தொழிலாளியும் நாட்சம்பளக்காரரே. லயன் அறையும் அதன் நிலமும் தோட்டத்துக்கு உரியவை; ஈடு வைக்க அவரிடம் காணி இல்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் காணியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. எனினும் இன்றும் பெருந்தொகையானோர் லயன்களிலேயே வாழ்கின்றனர். காணி இல்லாதவரின் ஒரே எழுத்துச் சொத்து சேமலாப நிதிக் கணக்கு. அதன் மீதியை வருடந்தோறும் கேட்டறிந்து வைத்திருப்பது அவசியம்.

பலர் சேர்ந்து ஒரு பிணை

நிரந்தர வருமானமுள்ள பிணையாளர் கிடைக்காதவிடத்து, ஒருவரையொருவர் அறிந்த பலர் சேர்ந்து பிணையாவது பழைய வழி. இலங்கையின் முதலாவது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் 1906இல் கண்டி மாவட்டத்தில் ஆரம்பமானது. இடைக்காலத்தில் தளர்ந்துபோன அந்த இயக்கம், 1978இல் கேகாலை மாவட்டத்திலிருந்து 'சணச' என்ற பெயரில் புத்துயிர் பெற்றது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, கிராமங்களில் வீட்டுக் கடன்களின் ஒரு பகுதி இச்சங்கங்கள் ஊடாகவே வழங்கப்பட்டது. கொழும்பின் குடிசைப் பகுதிப் பெண்கள் 1989இல் ஆரம்பித்த மகளிர் வங்கி, வாரம் 5 ரூபா சேமிப்புடன் தொடங்கியதே.

பங்களாதேசத்தின் கிராமீன் வங்கி 1984 முதல் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் வீட்டுக் கடன் வழங்கியது. நான்கு கொங்கிறீட் தூண்கள், தகரக் கூரை, மலசலகூடத் தட்டு என்பனவே அடிப்படை. சுவரை அவரவர் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். தவணை வாராந்தம், உரித்து பெண்ணின் பெயரில். 1989இல் இவ்வீட்டுத் திட்டம் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது. பெரிய மாளிகைகளுக்கு நடுவே நான்கு தூண்களுக்கும் ஒரு தகரக் கூரைக்கும் விருது கிடைத்தது.

ஆனால் குழுப் பிணையிலும் ஓர் அவதானம் வேண்டும். நுண்கடன் நிறுவனங்களும் குழுப் பிணை என்ற பெயரையே பாவித்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளது முற்றத்தில் குந்தியிருந்து வெட்கப்படுத்தினார்கள். வேறுபாடு எங்கே? சங்கத்தில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். அங்கத்தவரே தலைவரும் பொருளாளரும். வட்டியின் மிகுதி கிராமத்திலேயே தங்கும். சேமிப்பு இல்லாமல் கடனுடன் தொடங்கும் குழு சங்கமல்ல.

வீட்டையும் கட்டங்கட்டமாக

வருமானம் துண்டு துண்டாக வருபவர், வீட்டையும் துண்டு துண்டாகவே கட்ட வேண்டியிருக்கும். இதில் வெட்கம் எதுவுமில்லை. ஓர் அறை, ஒரு சமையல் பத்தி, ஒரு மலசலகூடம். இவை மூன்றும் முடிந்து, குடிபுகுந்து, முதற்கடன் தீர்ந்த பின்னர் அடுத்த அறை. அத்திவாரத்தை மட்டும் நாளைக்கு நீட்டக்கூடியதாகத் திட்டமிடலாம். ஐந்து அறைக்கு அத்திவாரம் வெட்டி, ஐந்து வருடம் கிடுகுப் பத்தியில் இருப்பதிலும் ஓர் அறைக்குக் கூரை போட்டு அதற்குள் படுப்பது மேல்.

கடன் வழங்குவோரும் சிலவற்றைச் சிந்திக்கலாம். பயிர்ச் செய்கைக் கடனை அறுவடையோடு திருப்பிப் பெறுகின்றார்கள். வயல் உரிமையாளருக்குப் பொருந்தும் நியாயம், அந்த வயலில் கூலிக்கு நிற்பவருக்கும் பொருந்தாதா? மழைக்காலத்தில் சிறிய தவணை, கோடையில் பெரிய தவணை என்று ஒரு படிவம் எழுதுவது பெரிய காரியமல்ல. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் உறுதிப்படுத்தும் ஒரு வருட வேலைக் கொப்பியைச் சம்பளப் பற்றுச்சீட்டுக்குப் பதிலாக ஏற்பதற்கு எந்த வங்கியாவது முன்வருமானால், பல வீடுகளுக்குக் கூரை வரும்.

இனி, கடன் பற்றிச் சிந்திக்கும் குடும்பம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

1. கடன் கேட்குமுன் ஒரு வருடம் வேலை நாளையும் கூலியையும் எழுதுங்கள்.
2. அந்த வருடம் முழுவதும், சிறு தொகையாயினும், ஒரே இடத்தில் ஒழுங்காகச் சேமியுங்கள். சேமிப்புப் புத்தகமே உங்கள் சாட்சி.
3. தொழில் கொள்வோர் ஒருவரிடம் நிலையாக வேலை செய்பவராயின் சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.
4. காணிப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, அதன் நிபந்தனை என்ன என்பதைப் பிரதேச செயலகத்தில் அறிந்துகொள்ளுங்கள்.
5. மிகக் குறைந்த மாதத்தை வைத்துத் தவணையைத் தீர்மானியுங்கள்.
6. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கும் நாள் வந்தால், அன்றே கடன் தந்தவரிடம் சென்று பேசுங்கள். ஒளித்துத் திரிந்தால் வட்டி வளரும்.

அந்தத் தம்பதியினருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கொப்பி எழுதிய வருடத்திலேயே அவர்கள் ஊரின் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து சேமிக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த மாசியில், தாயாரின் சம்மதத்தையும் பிரதேச செயலகத்தின் ஆலோசனையையும் பெற்று, காணியை ஈடு வைக்காமலே, சக அங்கத்தவரின் பிணையில், 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கடன் பெற்றார்கள். வேலையில்லாத நாட்களில் கணவர் தாமே சீமெந்துக் கல் அரிந்து அடுக்கி வைத்திருந்தார். புரட்டாதிக்கு முன்னர் ஓர் அறைக்கும் சமையல் பத்திக்கும் கூரை ஏறிவிட்டது. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. யன்னலுக்குப் பலகை இல்லை, சாக்குத்தான் தொங்குகின்றது.

கடந்த கார்த்திகையில் நாம் அங்கு போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவருக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்தார். அந்த மாதத் தவணை கட்டியாயிற்றா என்று கேட்டோம். மனைவி கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அந்த மாதம் அன்றுவரை ஐந்து நாள் வேலை. எதிரே, சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிய 6,000 ரூபா. பிள்ளைகள் இருவரும் காய்ந்த நிலத்தில் பாயை விரித்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.